குடைக்குள் நின்று மழையை அளப்பது: நாய்களின் இதயப்புழுவும் ஒரு சதவீதக் கணக்கும்

நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர், மாதாமாதம் கொடுத்துவந்த இதயப்புழுத் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நம்ம வட்டாரத்துல நூறு நாய்ல ஒண்ணுக்குத்தான் இருக்காம். நூத்துல ஒண்ணுக்காக மாசாமாசம் மாத்திரையா?" என்றார். அதே வாரம், கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எங்ககிட்ட வர்றதுல மூணுல ஒண்ணு பாசிட்டிவ்" என்றார் அவர்.

ஒரே வட்டாரம், ஒரே புழு. ஒருவர் 1 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 30 சதவீதத்துக்கு மேல் என்கிறார். இதில் யார் பொய் சொல்கிறார் என்று தேட வேண்டியதில்லை. இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். 'இந்தப் பகுதியில் இதயப்புழு எவ்வளவு பரவலாக இருக்கிறது' என்பது கேட்க எளிமையான கேள்வி. ஆனால் அதற்குள் நாலைந்து வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் புழு

இதயப்புழு என்பது நூல்போல நீண்ட உருளைப்புழு. அறிவியல் பெயர் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ். நன்கு வளர்ந்த பெண்புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெயரில் இதயம் இருந்தாலும் அது பெரும்பாலும் குடியிருப்பது, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில்தான். எண்ணிக்கை கூடும்போது இதயத்தின் வலது அறைக்கும் வந்துவிடும். நாயின் உடலுக்குள் 5 முதல் 7 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும்.

பெண்புழு முட்டையிடுவதில்லை. மைக்ரோஃபைலேரியா எனப்படும் நுண்ணிய குஞ்சுப்புழுக்களை நேரடியாக ரத்தத்தில் விடுகிறது. இவை அங்கேயே வளர்ந்து பெரிய புழுவாகிவிட முடியாது. கட்டாயம் ஒரு கொசுவுக்குள் போய் வர வேண்டும். நோயுள்ள தாய்நாயின் ரத்தத்திலிருந்து வயிற்றிலிருக்கும் குட்டிக்கு மைக்ரோஃபைலேரியா போய்ச் சேர்ந்தாலும், குட்டியின் உடலில் அது பெரிய புழுவாக வளராது. ஒரு நாய் இன்னொரு நாயைக் கடித்தாலோ நக்கினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இதயப்புழு ஒட்டாது.

கொசுவுக்குள் நடப்பதுதான் முக்கியம். நோயுள்ள நாயின் ரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலில் குஞ்சுப்புழு இரண்டு முறை தோலுரித்து, நாயைத் தொற்றக்கூடிய லார்வாவாக மாறுகிறது. நல்ல வெப்பத்தில், 27 டிகிரி செல்சியஸ் அளவில், இதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். அப்புறம் அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது, கொசுவின் வாய்ப்பகுதியைக் கிழித்துக்கொண்டு லார்வா ஒரு சிறு துளி திரவத்தோடு தோலின்மேல் விழுகிறது. ஊசிபோட்டதுபோல உள்ளே செலுத்தப்படுவதில்லை. அந்தத் துளியில் நெளிந்து, கொசு கடித்த ஓட்டையைக் கண்டுபிடித்துத் தானே நுழைகிறது. நுழைந்த லார்வா வளர்ந்து, இனப்பெருக்கம் செய்து, ரத்தத்தில் குஞ்சுகளை விட 6 முதல் 7 மாதம் ஆகும்.

சுருக்கமாக: நாயிலிருந்து கொசு, கொசுவிலிருந்து நாய். நடுவில் கொசுவுக்குள் சுமார் இரண்டு வாரம், நாய்க்குள் அரை ஆண்டு. இந்த அரை ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குடைக்காரரின் சட்டை

மழை எவ்வளவு பெய்தது என்று தெரிய வேண்டும். நீங்கள் ஒரு கட்டடத்தின் வாசலில் நின்று, உள்ளே வருபவர்களின் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். நூறு பேரில் ஒருவர் சட்டைதான் ஈரம். 'பெரிதாக மழையில்லை' என்று எழுதிவைக்கிறீர்கள். ஆனால் உள்ளே வந்தவர்களில் 99 பேர் கையில் குடை இருந்தது. குடை இல்லாதவர்கள் அந்த வாசலுக்கே வரவில்லை.

இதயப்புழு எண்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாயை ஒழுங்காகக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போய், ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை செய்பவர் யார்? தடுப்பு மருந்தையும் ஒழுங்காகக் கொடுக்கும் அதே ஆள்தான். ஆக, சோதிக்கப்படும் நாய்களில் பெரும்பகுதி குடைபிடித்த நாய்கள். அவற்றில் 1 சதவீதம் நனைந்திருந்தால், குடையில்லாமல் வெளியே நிற்பவை எவ்வளவு நனைந்திருக்கும் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

கற்பனையாக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1000 நாய்கள். அதில் 400க்குத் தடுப்பு மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது. அவற்றில் 2 நாய்களுக்கு மட்டும் புழு. மீதி 600 நாய்களுக்கு மருந்தே கிடையாது. அவற்றில் 180க்குப் புழு. சரி, இந்த ஊரில் எத்தனை சதவீதம்?

மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்ப்போம். மருந்து கிடைக்கும் 400 நாய்களும் சோதனைக்கு வருகின்றன. மருந்து கிடைக்காதவற்றில் 20 மட்டும் எப்படியோ வந்து சேர்கின்றன, அவற்றில் 6 பாசிட்டிவ். மொத்தம் 420 நாய்களில் 8 பாசிட்டிவ். சுமார் 2 சதவீதம். காப்பகம், மருந்தில்லாத நாய்களில் 50ஐப் பிடித்துவந்து சோதிக்கிறது. 15 பாசிட்டிவ். அதாவது 30 சதவீதம். ஊரிலுள்ள அத்தனை நாய்களையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தால் 1000க்கு 182. சுமார் 18 சதவீதம்.

இரண்டு, பதினெட்டு, முப்பது. மூன்றிலும் கூட்டல் பிழை கிடையாது. வேறு வேறு நாய்களை எண்ணியிருக்கிறோம், அவ்வளவுதான். என் நண்பர் பார்த்தது முதல் எண்ணை. மாத்திரையை நிறுத்திய அன்றே அவருடைய நாய் 400 பேர் வரிசையிலிருந்து விலகி 600 பேர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

எண் எதிர்ப்பக்கமும் சாயும். இருமல், களைப்பு, மூச்சிரைப்பு என்று வரும் நாய்களை மட்டும் சோதித்தால் சதவீதம் ஊதிப்போகும். வயதும் சேட்டை செய்யும். ஆறு மாதம் நிறையாத குட்டிகளைச் சோதித்தால் பெரும்பாலும் எல்லாம் நெகட்டிவ்தான் வரும். ஆறேழு மழைக்காலம் கண்ட கிழட்டு நாய்களைச் சோதித்தால் அத்தனை ஆண்டுக் கொசுக்கடியும் கணக்கில் வந்து நிற்கும்.

சுருக்கமாக: ஒரு சதவீதத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது, 'எந்த நூற்றில்?'

தொட்டியும் குழாயும்

இங்கே இரண்டு கலைச்சொற்கள் வேண்டும். செய்திகளில் இவை சர்வசாதாரணமாக ஒன்றுக்கொன்று மாற்றிப் போடப்படுகின்றன.

ஒரு தண்ணீர்த் தொட்டி. இப்போது அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. குழாயிலிருந்து மணிக்கு எவ்வளவு புதிதாக விழுகிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவது பரவல் வீதம்: குறிப்பிட்ட நேரத்தில் நூறு நாய்களில் எத்தனைக்கு நோய் இருக்கிறது. இரண்டாவது நிகழ்வு வீதம்: குறிப்பிட்ட காலத்தில், நோயில்லாத நூறு நாய்களில் எத்தனைக்குப் புதிதாக நோய் வந்தது.

சளி, காய்ச்சல் போன்றவற்றில் தொட்டியின் அடியில் பெரிய ஓட்டை. வருகிறது, ஒரு வாரத்தில் போய்விடுகிறது. இதயப்புழுவில் அடைப்பு இறுக்கமானது. சிகிச்சை கிடைக்காத நாயின் உடலில் புழு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. அதனால் குழாய் சொட்டுச்சொட்டாக ஒழுகினாலும் தொட்டி நிரம்பும். மருந்தில்லாத நாய்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் புதிதாகத் தொற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வெறும் ஐந்து' என்று தோன்றும். ஐந்து ஆண்டில் அதே நாய்க்கூட்டத்தில் இருபதைத் தாண்டிவிடும்.

நண்பர் தெரிந்துகொள்ள விரும்பியது, வரும் ஓராண்டில் தன் நாய்க்குப் புதிதாகத் தொற்றும் வாய்ப்பு. அது குழாய்க் கேள்வி. அவர் கையில் வைத்திருந்தது தொட்டி விடை, அதுவும் வேறு யாருடைய தொட்டியோ.

இதே குழப்பம் பெரிய இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் ஹார்ட்வோர்ம் சொசைட்டி என்ற சங்கம் மூன்றாண்டுக்கொருமுறை ஒரு வரைபடம் வெளியிடுகிறது. அதைப் பொதுவாக 'நிகழ்வு' வரைபடம் என்பார்கள். ஆனால் அதில் நிறம் தீட்டப்படுவது, ஒரு மருத்துவமனைக்குச் சராசரியாக எத்தனை பாசிட்டிவ் நாய்கள் வந்தன என்ற எண்ணிக்கை. நூறு நாய்களில் எத்தனை என்ற கணக்கே அதில் இல்லை. கம்பேனியன் அனிமல் பாரசைட் கவுன்சில் என்ற இன்னொரு அமைப்பின் வரைபடம், செய்யப்பட்ட சோதனைகளில் எத்தனை பாசிட்டிவ் என்பதைக் காட்டுகிறது. இங்கே எண்ணப்படுபவை சோதனைகள். ஒரே நாயை இரண்டு முறை சோதித்தால் இரண்டு என்றுதான் கணக்கு. இரண்டு வரைபடமும் பயனுள்ளவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'இது ஏன் அதோடு ஒத்துப்போகவில்லை' என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடும் சண்டை அது.

சோதனை எதைப் பார்க்கிறது

பரவலாகப் பயன்படும் சோதனைக் கிட் உள்ளங்கையில் அடங்கும். சில சொட்டு ரத்தம், பத்து நிமிடக் காத்திருப்பு, அப்புறம் ஒரு சின்னக் கோடோ புள்ளியோ தெரிந்தால் பாசிட்டிவ். அது தேடுவது புழுவை அல்ல. வளர்ந்த பெண்புழு ரத்தத்தில் கசியவிடும் ஒரு புரதத்தை. இப்படி நோய்க்காரணியிடமிருந்து வரும் அடையாளப் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர்.

வளர்ந்த, பெண் என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். போன மாதம் கொசு விட்டுச்சென்ற லார்வாக்கள் இந்தச் சோதனைக்குத் தெரியாது. தொற்றி ஐந்து மாதமாவது ஆக வேண்டும், பெரும்பாலும் ஆறேழு. உள்ளே ஆண்புழு மட்டும் இருந்தாலும் தெரியாது. ஒன்றிரண்டு பெண்புழு மட்டும் இருந்தால் தெரிந்தாலும் தெரியும், நழுவினாலும் நழுவும். இன்று கிடைக்கும் விடை, அரை ஆண்டுக்கு முன் நடந்த கொசுக்கடியின் விடை. இரவில் மின்னும் நட்சத்திரத்தின் வெளிச்சம் எப்போதோ கிளம்பியதுபோல.

இன்னொரு முறை, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இது எனக்குப் பிடித்த காட்சி. சிவப்பணுக்கள் அரிசி பரப்பியதுபோல அமைதியாகக் கிடக்கும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அவை தள்ளுமுள்ளு செய்யும். உற்றுப்பார்த்தால் அடியில் ஒரு மெல்லிய நூல் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் மைக்ரோஃபைலேரியா, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்.

ஆனால் அது இதயப்புழுவின் குஞ்சுதானா? அங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நாயின் ரத்தத்தில் வேறு புழுக்களின் குஞ்சுகளும் திரியும். டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் என்பது இதயப்புழுவின் நெருங்கிய உறவு, ஆனால் தோலுக்கடியில் வாழ்வது, இதயத்தை அண்டாது. அதையும் கொசுதான் பரப்புகிறது. அகாந்தோகைலோனீமா ரெக்காண்டிட்டம் என்று வாய்க்குள் நுழையாத பெயருடைய இன்னொன்றைத் தெள்ளுப்பூச்சியும் பேனும் பரப்புகின்றன. அது பெரும்பாலும் நாய்க்குத் தொல்லை தருவதில்லை. அனுபவசாலிகள் அசைவை வைத்தே ஓரளவு ஊகிப்பார்கள்: இதயப்புழுக் குஞ்சு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நெளியும், ரெக்காண்டிட்டம் பார்வைப் பரப்பைக் கடந்து ஓடும். ஊகம் மட்டும் போதாது. அளவெடுத்து, ஆன்டிஜெனும் பார்த்தால்தான் உறுதி.

ரெப்பென்ஸ் அதிகமுள்ள ஒரு பகுதியில், ரத்தத்தில் குஞ்சு தெரிந்ததையெல்லாம் இதயப்புழு என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? இல்லாத இதயப்புழு நிறைய இருப்பதாகத் தெரியும். நேர்மாறாக, நுண்ணோக்கியை மட்டும் நம்பினால் குஞ்சு விடாத தொற்றுகள் நழுவிப்போகும். தடுப்பு மருந்து பட்டுக் குஞ்சுகள் அழிந்து, பெரிய புழு மட்டும் மிஞ்சியிருக்கும் நாய் அப்படிப்பட்டது.

சுருக்கமாக: ஆன்டிஜென் சோதனை வளர்ந்த பெண்புழுவின் சுவட்டைப் பார்க்கிறது, நுண்ணோக்கி குஞ்சுகளைப் பார்க்கிறது. எதை வைத்துக் கணக்கெடுத்தார்கள் என்பதற்கேற்ப எண் மாறும்.

அபூர்வமான இடத்தில் வரும் பாசிட்டிவ்

எந்தச் சோதனையும் கொஞ்சம் தவறும். கணக்குக்காக, நோயில்லாத நூறு நாய்களில் ஒன்றைத் தவறாகப் பாசிட்டிவ் என்றும், நோயுள்ள நூற்றில் தொண்ணூறைச் சரியாகவும் காட்டும் ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். இவை என் கற்பனை எண்கள்.

புழு மலிந்த பகுதியில் 1000 நாய்களில் 300க்கு நோய். சோதனை 270ஐப் பிடிக்கும். நோயில்லாத 700இல் 7 தவறாக வரும். 277 பாசிட்டிவில் 270 உண்மை. நம்பலாம்.

புழு அரிதான பகுதியில் 1000 நாய்களில் 5க்குத்தான் நோய். சோதனை நாலைந்தைப் பிடிக்கும். நோயில்லாத 995இல் சுமார் 10 தவறாக வரும். ஏறக்குறைய 15 பாசிட்டிவில் மூன்றில் ஒன்றுதான் உண்மை! கிட் அதே கிட். மாறியது ஊர் மட்டும்.

அதனால்தான் இதயப்புழு அரிதான இடத்தில், நோய் அறிகுறியே இல்லாத நாய்க்குப் பாசிட்டிவ் வந்தால், மருத்துவர் உடனே சிகிச்சையில் இறங்காமல் வேறொரு சோதனையால் உறுதிப்படுத்தப் பார்ப்பார். வளர்ந்த புழுவைக் கொல்லும் ஊசி லேசான விஷயமல்ல. செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கக்கூடும், நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிவைக்க வேண்டும்.

கொசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது

ஒரு பகுதியில் இதயப்புழு நிலைபெற மூன்று வேண்டும்: நோயுள்ள விலங்கு, அதைக் கடிக்கும் கொசு, போதிய வெப்பம். எழுபதுக்கும் மேற்பட்ட கொசு வகைகளால் இதைச் சுமக்க முடியும் என்பதால் கொசுவுக்குப் பஞ்சமில்லை. கணக்கை முடிவுசெய்வது வெப்பம். சுமார் 14 டிகிரிக்குக் கீழே கொசுவுக்குள் லார்வாவின் வளர்ச்சி நின்றுவிடும். 18 டிகிரி வாக்கில் ஒரு மாதம்வரை இழுக்கும். கொசுவின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான். லார்வா தயாராகுமுன் கொசு செத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். இத்தாலியின் போ ஆற்றுப் படுகையும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியும் நெடுங்காலமாக இதயப்புழுவுக்குப் பேர்போனவையாக இருப்பதில் வியப்பில்லை. சூடு, ஈரம், கொசு மூன்றும் அங்கே தாராளம்.

அமெரிக்கா முழுவதற்குமான பாசிட்டிவ் சோதனைகள் 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கின்றன. பனி உறையும் வட மாநிலங்களையும் மிசிசிப்பியையும் கலக்கி எடுத்த எண் அது. இரண்டு இடத்துக்கும் அது பொருந்தாது.

நாய் ஊர் மாறும்போது புழுவும் கூடவே போகும். 2005 ஆகஸ்ட்டில் கத்ரினா சூறாவளி லூசியானா, மிசிசிப்பிக் கரையைத் தாக்கியபோது, மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கான நாய்கள் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் பலவற்றின் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா இருந்தது. வரைபடத்தில் வெளுத்துக் கிடந்த இடங்களுக்கு, தேவையான மூன்றில் ஒன்றான நோயுள்ள விலங்கு வண்டியேறி வந்து இறங்கிவிட்டது. மற்ற இரண்டான கொசுவும் வெப்பமும் கோடையில் அங்கேயே கிடைக்கும். நரி, ஓநாய், கொயோட்டி போன்ற காட்டு விலங்குகளும் இந்தப் புழுவைச் சுமக்கின்றன. அவற்றை யாரும் ஆண்டுக்கொருமுறை சோதனைக்கு அழைத்துவருவதில்லை.

நண்பரின் நாய்

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நண்பர் நேரடியாகக் கேட்டார்: "சரி, அப்போ என் நாய்க்கு எத்தனை சதவீதம்?" எந்த வரைபடமும் அதைச் சொல்லாது என்றேன். மாத்திரையை நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டேன். நான்கு.

இந்த மாத்திரையைப் பலரும் வேலிபோல நினைக்கிறார்கள். உண்மையில் அது துடைப்பம். முந்தைய ஒரு மாதத்தில் உள்ளே வந்த இளம் லார்வாக்களைப் பெருக்கித் தள்ளுவதுதான் அதன் வேலை. வளர்ந்துவிட்ட புழுவிடம் அது சீக்கிரம் எடுபடாது. நான்கு மாதமாகப் பெருக்காத வீட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது இன்றைய சோதனையில் தெரியவும் தெரியாது, ஐந்து மாதமாவது ஆக வேண்டுமே.

மருத்துவர் சொன்னது இதுதான்: இப்போது ஒரு சோதனை, பழைய தொற்று இருக்கிறதா என்று பார்க்க. நெகட்டிவ் என்றால் அன்றே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ரத்தத்தில் குஞ்சுகள் நிறைய இருக்கும் நாய்க்குச் சில மருந்துகளைத் திடீரென்று கொடுத்தால், அவை கூட்டமாகச் செத்து நாய் அதிர்ச்சியில் சரிந்துவிடலாம். அதனால்தான் சோதனை முதலில். ஆறு மாதம் கழித்து இன்னொரு சோதனை, அந்த நான்கு மாத இடைவெளியில் ஏதாவது நுழைந்ததா என்று பார்க்க.

முதல் சோதனை நெகட்டிவ். இரண்டாவதற்கான தேதியை நண்பர் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதுவும் நெகட்டிவ் என்று வந்தால், சோதனைகளை எண்ணும் வரைபடத்தில் இரண்டு நெகட்டிவ் கூடும். நாய் ஒன்றுதான்.